பரிஸை விட்டுக் கிராமத்துக்குப் போய்ச் சந்தையில் றோல்ஸ் விற்றுப் பிழைக்கலாமா?

வடமராட்சியான்:
வணக்கம் உறவுகளே. 16 வருசமாகப் பரிஸில் உணவகக் குசினியில்தான் வேலை. முதல் ஆறு வருசம் கோப்பை கழுவினேன், பிறகு சமையல். இரவு கடைசி ஆர்இஆர் ரயில் பிடித்து லா கூர்நேவ் வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், காலையில் நான் எழும்பும்போது பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். இது போதும் என்று நானும் மனுசியும் முடிவெடுத்துவிட்டோம்.

பிரான்ஸின் நடுவில் உள்ள க்ரெஸ் மாவட்டத்தில் லா சூத்தெரென் பக்கம் ஒரு பழைய கல் வீடு பார்த்திருக்கிறோம். இங்கே ஒரு கார் நிறுத்தும் இடம் வாங்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் அங்கே வீடே வந்துவிடுகிறது. ஒரு பழைய வான் வாங்கி, சுற்றுவட்டாரச் சந்தைகளில் றோல்ஸ், வடை, கோழிக்கறி சோறு விற்கலாம் என்று யோசனை. பத்து வருட விசா அட்டை இருக்கிறது, அதனால் அந்தப் பிரச்சினை இல்லை. எப்படிப் பதிவது, எவ்வளவு வரியாகப் போகும், உண்மையில் குடும்பம் நடத்த முடியுமா? பிள்ளைகளுக்கு 7, 12 வயது. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

சந்தைவான்:
அண்ணா, நான் இந்தப் பக்கம் வந்து நாலு வருசம், ஏறத்தாழ நீங்கள் சொல்லும் அதே தொழில். பதிவு செய்வதுதான் இருப்பதிலேயே சுலபம். 2009-இல் தொடங்கிய ஒத்தோ ஆந்த்ரப்ரனர் என்ற தனியாள் சிறுதொழில் முறைதான், இப்போது மைக்ரோ என்று பெயர். 2023-இலிருந்து எல்லாப் பதிவும் இன்பி என்ற அரசு அலுவலகத்தின் ஒரே இணையதளத்தில். சிரே என்ற தொழில் பதிவு எண் வந்ததும் தபால்பெட்டியில் அரசாங்கக் கடிதம் மாதிரியே, முத்திரை எல்லாம் போட்டு, பதிவேட்டில் சேர்க்க இவ்வளவு யூரோ கட்டு என்று இரண்டு மூன்று வரும். எல்லாம் கள்ளக் கடிதம், அடுப்புக்குள் போடுங்கள்.

சந்தைக்கு இரண்டு கடதாசி வேண்டும். சொந்த ஊருக்கு வெளியே விற்க நடமாடும் வியாபாரி அட்டை, 30 யூரோ, நாலு வருசத்துக்குச் செல்லும். அப்புறம் சாப்பாட்டுச் சுகாதாரப் பயிற்சி 14 மணித்தியாலம். குசினியில் இத்தனை வருசம் நின்றதால் அது உங்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம், கேட்டுப் பாருங்கள்.

இனி காசு. சாப்பாடு விற்பதற்கு, சமூகக் காப்புப் பணம் வசூலிக்கும் உர்சாஃப் விற்பனையில் 12.3 சதவீதம் எடுக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் அது லாபத்தில் இல்லை, கல்லாவில் விழுந்த மொத்தக் காசில். 2,000 யூரோவுக்கு விற்றால் 246 யூரோ உர்சாஃபுக்கு. கோழி, எண்ணெய், டீசல், வான் பழுது எதையும் கழிக்க முடியாது. விற்பனை பூச்சியமாக இருந்தாலும் பூச்சியம் என்று அறிவிக்க வேண்டும், மறந்தால் தண்டம்.

சந்தையில் இடம் கொடுப்பவர் பிளாசியே. நிரந்தர இடம் இல்லாதவர்கள் காலை ஏழு மணிக்கே போய் நின்று, யாராவது வராமல் போனால் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். நான் எட்டு மாதம் அப்படி நின்றேன், கழிப்பறைக்குப் பக்கத்து மூலைதான் கிடைத்தது. அந்த மனிதரிடம் ஒருநாளும் முறைக்காதீர்கள். வரும்போது ஒரு பொன்ஜூர், போகும்போது ஒரு றோல்ஸ்.

என்ன விற்கும் என்பது வேறு கதை. றோல்ஸ் என்று பலகையில் எழுதினேன், ஒருத்தரும் நிற்கவில்லை. சமூசா என்றால் ரெயூனியோன் தீவு வழியாக எல்லாருக்கும் தெரியும், அது பறக்கும். வடையைப் பார்த்து ஃபலாஃபெலா என்பார்கள், ஓம் என்று சொல்லிவிட்டு ஒன்றை வெட்டிக் கையில் கொடுப்பேன். எல்லாரும் முதலில் கேட்பது 'சா பிக்?', அதாவது உறைக்குமா. பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் சம்பலைத் தனியாகக் குட்டிக் கிண்ணத்தில் வையுங்கள். கறி கேட்டு வந்த முதல் ஆட்கள் ஆங்கிலேயர்கள், இந்தப் பக்கம் நிறையப் பேர் வீடு வாங்கித் தோட்ட வேலை, விருந்தினர் அறை என்று சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகு அவர்களும் எங்களைப்போல் கார்த் தெ செஜூர் என்ற வதிவிட அட்டை எடுத்துத்தான் இருக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம், மறைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். யூலையில் ஒரே காலையில் 380 யூரோ விற்ற அதே சந்தையில் சனவரியில் 61 யூரோ. வருசத்தில் நாலு மாதத்துக் காசில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும்.

காரைக்கால் அக்கா:
தம்பி, நான் மொழிபெயர்ப்பாளர், 2017 முதல் லிமோஜுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்தே வேலை. என் மாதிரி ஆட்களுக்கு உர்சாஃப் 2024 நடுவில் வரை 21.1 சதவீதம்தான் எடுத்தது, படிப்படியாக ஏற்றி 2025-இல் 24.6 ஆக்கிவிட்டார்கள். உங்கள் 12.3-ஐக் கும்பிடுங்கள்.

மேலே தம்பி சொல்லாத ஒன்று, தொழில் நடத்துபவர்கள் கட்டும் சிஎஃப்இ என்ற உள்ளூர் வரி. ஆரம்பித்த வருடம் கிடையாது, அடுத்த வருடத்திலிருந்து டிசம்பர் 15-க்குள் கட்ட வேண்டும். தபாலில் வராது, வரித்துறை இணையதளத்தில் தொழிலுக்கென்று தனிக் கணக்குத் திறந்து நீங்களாகவே போய்ப் பார்க்க வேண்டும். நான் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், தண்டத்தோடுதான் கட்டினேன். இணையம் கைவராவிட்டால் பக்கத்துச் சின்ன டவுனில் பிரான்ஸ் செர்வீஸ் அலுவலகம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து செய்து தருவார்கள்.

அந்தக் கல் வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் கழிவுநீர்த் தொட்டி அறிக்கையைப் படியுங்கள். பல கிராமங்களில் பொதுச் சாக்கடை இருக்காது, வீட்டுக்கு வீடு சொந்தத் தொட்டி. சரியில்லை என்று அறிக்கை சொன்னால் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும், அது ஆயிரக்கணக்கில் போகும். வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தேர் செலவும் விலைக்கு மேல் ஏழெட்டு சதவீதம் வரும். மலிவு வீடு மலிவாகவே இருக்காது.

அப்புறம் விறகு. முதல் வருடம் அக்டோபரில் போய்க் கேட்டேன், விறகுக்காரர் சிரித்தார். காய்ந்த விறகை வசந்தத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். ஸ்தேர் கணக்கில்தான் விற்பார்கள், ஒரு மீட்டர் நீளக் கட்டையாக அடுக்கினால் ஒரு கன மீட்டர். எனக்கு 50 சென்டிமீட்டராக வெட்டிக் கொண்டுவந்து கொட்டினார், அடுக்கி அளந்தால் 0.8 கன மீட்டர்தான் இருந்தது. ஏமாற்றிவிட்டார் என்று மெரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், போய்ப் புகார் செய்தேன். வெட்டினால் இடைவெளி குறைந்து நெருக்கமாக உட்காரும், அதே விறகுதான் என்று மெரியின் செயலாளர் அம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். ஊர் முழுக்க அந்தக் கதை பரவியது, ஆனால் அதற்குப் பிறகுதான் எல்லோரும் என்னோடு பேச ஆரம்பித்தார்கள்.

ரெண்டுகுளிர்:
நான் இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டுச் பரிஸ் பக்கத்துச் சார்செல்லுக்குத் திரும்பி வந்தவன், என்னையும் கேளுங்கள். காசு பிரச்சினை இல்லை, மின்வேலை செய்தேன், வேலை கொட்டிக் கிடந்தது. பத்து வருடப் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் கட்டட வேலையில் இறங்கக் கூடாது என்பதால் அது ஒரு பெரிய செலவு, அதையும் சமாளித்தேன். வைத்தியர்தான் கிடைக்கவில்லை. புது நோயாளி எடுப்பதில்லை என்று எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். பெயர் பதிந்த வைத்தியர் இல்லாமல் வேறொருவரிடம் போனால் அரசு மருத்துவக் காப்புறுதியான செக்கூ பொதுவாக 70 சதவீதத்துக்குப் பதில் 30 தான் திருப்பித் தரும். மனுசிக்கு இரண்டு கார் இருந்தும் ஓட்டத் தெரியாது, அவள் இரண்டு வருசம் வீட்டுக்குள்ளேயே. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போகலாம் என்றால் இலையுதிர் காலம் முழுக்க வேட்டைக்காரர்களின் வெடிச்சத்தம். தமிழில் கதைக்க ஆளில்லை என்று என் மகள் பொம்மையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அண்ணா, உங்கள் மனுசிக்கு வாகனம் ஓட்டத் தெரியுமா? அதை முதலில் சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
தெரியாது. லைசன்சு எடுக்கச் சொல்லி நாலு வருசமாகச் சொல்கிறேன், இப்போது நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், பேசாமல் எழும்பிப் போய்விட்டா. சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் எப்படி? பரிஸ் லா சப்பல் தமிழ்க்கடைச் சாமானுக்கு என்ன செய்கிறீர்கள்?

சந்தைவான்:
ஊர்ப் பள்ளிக்கூடங்களை நாலைந்து கிராமம் சேர்ந்து பங்கிட்டு நடத்துகிறார்கள், ஒரு ஊரில் சின்ன வகுப்பு, அடுத்த ஊரில் பெரிய வகுப்பு, பஸ் வந்து ஏற்றிப்போகும். என் மகன் வகுப்பில் 14 பேர், ஆசிரியை எல்லாப் பிள்ளையின் பாட்டி பெயரும் சொல்வா. மூத்தவளுக்குத்தான் கஷ்டம், கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளிக்கான பஸ் காலை ஏழுக்கு முன்னமே வந்துவிடும்.

சாமானுக்கு மாதம் ஒருக்கால் வானில் பரிஸ் வருவேன், ஏ20-இல் வியர்சோன் வரைக்கும் சுங்கம் இல்லை. கறிவேப்பிலை, இறம்பை, முருங்கைக்காய் எல்லாம் வாங்கி ஆழ் குளிர்பெட்டியில். பச்சை மிளகாய் கோடையில் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கும்.

ரெண்டுகுளிர் அண்ணா சொன்னதில் பொய் இல்லை. அதனால் வீடு வாங்குவதற்கு முன் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் வாங்கோ, யூலையில் வேண்டாம், பெப்ரவரியில். எங்களோடு இரண்டு நாள் நில்லுங்கள், அந்தச் சந்தைக்குக் காலை ஏழு மணிக்கே என்னோடு வந்து, பன்னிரண்டரை வரைக்கும் எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். விரல்நுனி வெட்டின கையுறை ஒன்று கொண்டுவாருங்கள், முழுக் கையுறையோடு சில்லறை எண்ண ஏலாது.