மானும் முயலும் வாய் வைக்காத செடிகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

கிராணி வீட்டு மருமகள்
எங்கள் தாமானின் (வீடமைப்புக் குடியிருப்பின்) பின்வேலியை ஒட்டிப் பழைய ரப்பர் தோட்டம், அதைத் தாண்டினால் காடு. சர்க்கரைவள்ளிக் கொடியும் செம்பருத்தித் துளிரும் விடிவதற்குள் மொட்டையாகிவிடும். காஞ்சில், அதாவது சருகுமான், என்றார் மாமியார். யாரோ வளர்த்து அவிழ்த்துவிட்ட முயல் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கடிபட்ட இடத்தைக் குனிந்து பார்த்ததும் விஷயம் விளங்கியது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. இழுத்துப் பிய்க்கும், தண்டு நார்நாராகக் கிழிந்திருக்கும். முயலோ கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு அடையாளமும் இருந்தன. சர்க்கரைவள்ளி தரையோடு சீவப்பட்டிருந்தது, செம்பருத்தி இடுப்பு உயரத்தில் கிழிந்திருந்தது. காஞ்சில் முழங்காலுக்கும் கீழேதான் நிற்கும், அதற்கு எட்டாது. அப்படியானால் வந்தது கேளையாடு, மலாய்க்காரர்கள் கிஜாங் என்பார்களே, அதுதான்.

அதே வரிசையில் செரை என்னும் எலுமிச்சைப்புல், துளசி, கற்பூரவள்ளி, நித்தியகல்யாணி நான்கும் அப்படியே நின்றன. மோப்பத்தை நம்பி மேயும் பிராணிக்கு செரையின் நெடி ஆகாது. கற்பூரவள்ளி இலையில் நெடியோடு மெல்லிய ரோமமும் உண்டு. நித்தியகல்யாணி கடும் கசப்பு. இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்தே அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. இப்போது வேலியோரம் முழுக்க செரை, அதற்குள்ளே நித்தியகல்யாணி. கீரையும் பயறும் குசினி வாசலுக்கு நகர்ந்துவிட்டன. ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு மானும் முயலும் வரத் தயங்குகின்றன.

பால்மரக்காட்டு ஐயா
நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. ஒண்ணு சொல்லணும். அரளியை மான் தொடாது, உண்மைதான். ஆனா இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். நம்ம பக்கம் மாடு, ஆடு அவிழ்த்து மேய்க்கிறவங்க இன்னும் இருக்காங்க. அரளியைக் கழிச்ச கொப்பை வேலிக்கு வெளியே வீசிடாதீங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டில நான் அரளியே வைக்கச் சொல்லமாட்டேன். உன்னிச்செடியும் அப்படித்தான், மாட்டுக்குக் கெடுதல், அதோட விட்டா கண்ட இடமெல்லாம் படர்ந்துடும்.

லாசா ரோடு அக்கா
பூண்டு, மிளகாய் அரைச்சுத் தெளிக்கிற வழி நம்ம ஊருக்கு ஒத்துவரல. சாயங்கால மழை ஒண்ணு அடிச்சா போச்சு, மறுபடி தெளிக்கணும். வாசனைச் செடி மழைக்குப் பிறகும் மணக்கும், அதனால நானும் செரை பக்கம்தான். ஆனா தங்கச்சி, புதுசா நட்ட கன்னுக்கு இந்தக் கணக்கு செல்லாது. உரம் போட்டுத் தளதளன்னு வர்ற இளந்துளிரை, வேண்டாத செடியா இருந்தாலும் ஒரு வாய் கடிச்சுப் பார்க்கும். என் துலுக்கச் சாமந்தி நாத்து அப்படித்தான் போச்சு. வேர் பிடிக்கிற வரைக்கும் கம்பி வலையைக் கவிழ்த்து வைங்க.

தாமான் கடைசி வீடு
முயல் மட்டும்னா ரெண்டடி வலை போதும். கண்ணி சின்னதா இருக்கணும், அடியில அரையடி மண்ணுக்குள்ள புதைக்கணும், இல்லன்னா தோண்டிட்டு வந்துடும். மானைத் தடுக்க எட்டடி வேலி வேணும்னு சொல்றாங்க. வீட்டுத் தோட்டத்துக்கு யார் அந்தச் செலவு செய்றது? அங்க செடியை மாத்துறதுதான் வழி.

இன்னொண்ணு, எங்க வரிசையில ஒருத்தர் சுருக்குக் கம்பி வைக்கலாம்னு பேசினார். வேண்டாம். 2010ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மாட்டினா பெரிய வழக்கு. அதைவிட, அந்தக் கம்பியில கால் சிக்கி ராத்திரி முழுக்க ஒரு உயிர் துடிக்கிறதை என்னால தாங்க முடியாது. அதோட காட்டை வெட்டி நட்டது நாமதானே.

கிராணி வீட்டு மருமகள்
நன்றி ஐயா, அக்கா, அண்ணே. வலையைக் கவிழ்க்கும் யோசனையை இன்றைக்கே செய்கிறேன். என் செரைத் தூர் நன்றாகப் பெருத்துவிட்டது. யாருக்காவது வேண்டுமானால் பிரித்துத் தருகிறேன். தோகையைப் பாதி வெட்டிவிட்டு வேரோடு நடுங்கள், ஒரு முழம் இடைவெளி விட்டால் போதும்.