புதுப்பிப்பு: வழுக்கையாற்றுக்கு ஒரே திட்டம்

யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றைத் திருத்தும் வேலையை ஊர் ஊராகப் பிரிக்காமல் ஒரே திட்டமாகப் பார்க்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன், அதன் தொடர்ச்சி இது. கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புகளும் கிராம அலுவலர்களும் ஒன்றாக இருந்து பேசிவிட்டார்கள், பெரிய சந்தோசம். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடல்நீரேரியில் விழும் இந்த ஆறு மாரியில் மட்டும்தான் ஓடும். வழியில் உள்ள குளங்களில் தண்ணீர் தங்கினால்தான் அது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி எங்கள் கிணறுகளுக்கு வரும், ஆனால் மேலே இருப்பவர்கள் வயல் வெள்ளம் கெதியாக வடிய வேண்டும் என்கிறார்கள், அராலிப் பக்கத்தார் உவர் ஏறாமல் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டும் நியாயம். வாய்க்காலை மட்டும் ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் கடலுக்குத்தான் போகும், அதனால் முதலில் குளங்களைத் தூர்வாருவது என்று முடிவாகியது. சரி, ஐப்பசி மழைக்கு முன் தொடங்க வேண்டும், உங்கள் ஊர்க் குளம் பட்டியலில் இருக்கிறதா என்று கமக்காரர் அமைப்பிடம் கட்டாயம் கேளுங்கள்.