புதுப்பிப்பு: மடிக்கணினி மீண்டது, படங்களும் பத்திரம்

விண்டோஸ் 11 புதுப்பிக்கும்போது பேட்டரி தீர்ந்து அணைந்த என் மடிக்கணினி, அதன்பின் பிழை காட்டும் நீலத்திரையைத் தாண்டவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். “முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள், பிறகு கை வையுங்கள்” என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

உபுண்டு என்ற வேறோர் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினேன். வட்டு, விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டியிருந்தது. 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் கிடைத்தது. ஆறாறு எண்களாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்துத் தட்டினேன். அம்மாவின் படங்கள் வெளிவட்டுக்கு வந்துசேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்ய முயலும் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கைகொடுக்கவில்லை. அதனால் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வுடன் விண்டோஸை மீட்டமைத்தேன். கோப்புகள் அப்படியே இருக்கின்றன. நான் நிறுவிய மென்பொருள்கள் போய்விட்டன, தமிழ்த் தட்டச்சுச் செயலி உட்பட. அதை மறுபடி நிறுவி, முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.