10 டன் கொதிகலனில் தூசு அளவைக் குறைக்க பேக் ஃபில்டரா, ஸ்கிரப்பரா, ஈஎஸ்பியா?

ஆவிக்கலன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மணிக்கு 10 டன் நீராவி தரும் டிராவலிங் கிரேட் (நகரும் தட்டின் மேல் எரிபொருள் எரியும்) கொதிகலன் ஒன்றுக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். வெப்பக் கணக்கில் 60 சதவீதம் மரச் சில்லுகளும் 40 சதவீதம் நிலக்கரியும் எரிக்கிறோம். உலையிலிருந்து வெளியேறும் புகைவாயு எக்கனமைசர் (கொதிகலனுக்குச் செல்லும் நீரைச் சூடாக்குவது), டியூப் வகை ஏர் ப்ரீஹீட்டர் (எரிப்புக் காற்றைச் சூடாக்குவது), மல்டி சைக்ளோன் (வாயுவைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் குழாய்த் தொகுப்பு), ஐடி ஃபேன் (புகைவாயுவை இழுக்கும் விசிறி) என்ற வரிசையில் சென்று புகைபோக்கியை அடைகிறது. ஐடி ஃபேனுக்கு முன் வெப்பநிலை முழுச் சுமையில் 165 டிகிரி. சுமை குறையும்போது 125 டிகிரி வரை இறங்குகிறது.

புதுப்பிக்கப்பட்ட உரிமத்தின்படி தூசு ஒரு நார்மல் கன மீட்டருக்கு (நிலையான வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றிக் கணக்கிட்ட கன மீட்டர்) 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. "6 சதவீத ஆக்சிஜன் அடிப்படையில்" என்ற வரியும் அதில் உள்ளது. கடைசியாக எடுத்த அளவீட்டில் தூசு 190 மில்லிகிராம், ஆக்சிஜன் 13.5 சதவீதம். தூசைப் பாதியாகக் குறைத்தால் போதும் என்று கருதும் நிர்வாகம், விலை குறைந்த வெஞ்சூரி ஸ்கிரப்பரை (குறுகிய கழுத்தில் வாயுவை நீர்த்துளிகளால் கழுவும் கருவி) வாங்க நினைக்கிறது. பாலியெஸ்டர் துணிப்பைகளால் தூசை வடிகட்டும் பேக் ஃபில்டருக்கும், தூசுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தகடுகளில் பிடிக்கும் ஈஎஸ்பிக்கும் விலைப்புள்ளிகள் வந்துள்ளன. மூன்று விற்பனையாளர்களுமே 99 சதவீதத்துக்கு மேல் பிடிப்போம் என்கிறார்கள். அடுத்த கட்டமாக சல்ஃபர் டை ஆக்ஸைடுக்கு 400 மில்லிகிராம் என்ற வரம்பும் வரவிருக்கிறது. நிலக்கரியில் கந்தகம் 0.6 சதவீதம். எதை வைத்து முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

புகைமானி எழுதியது:

கருவியைத் தேர்வு செய்யும் முன் உங்கள் 190 என்ற எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் உரிமம் கேட்பது அந்த எண்ணை அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜன் சதவீதமான 21-இலிருந்து அடிப்படை ஆக்சிஜனைக் கழித்து, அதை 21-இலிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்து வருவதால் வகுத்து, அளந்த தூசு அளவால் பெருக்க வேண்டும். உங்களுக்கு அது 15-ஐ 7.5-ஆல் வகுப்பது, அதாவது 2. ஆகவே சட்டத்தின் பார்வையில் உங்கள் தூசு 380 மில்லிகிராம். பாதியாகக் குறைத்தால் போதாது. இப்போது வெளியேறுவதில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் பிடிக்க வேண்டும். புகைவாயுவில் வெளிக்காற்றைக் கலந்து எண்ணைச் சிறிதாக்கிக் காட்டும் வழியை அடைப்பதற்காகவே இத்தகைய திருத்தம் விதிக்கப்படுகிறது. 1 முதல் 50 மெகாவாட் வரையிலான எரிகலன்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதியிலும் கொதிகலன்களில் திட எரிபொருளுக்கு 6 சதவீதம், திரவ, வாயு எரிபொருள்களுக்கு 3 சதவீதம் என்றே அடிப்படை வைத்திருக்கிறார்கள். சில நாடுகள் இதையே 12 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு அடிப்படையில் கேட்கின்றன.

அந்த 190-ஐ எப்படி எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். மாதிரி எடுக்கும் துளைக்குக் கீழே, வளைவோ ஃபேனோ இணையும் இடத்திலிருந்து புகைபோக்கியின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நேர்க்குழாயும், மேலே இரண்டு மடங்கும் இருப்பது நல்ல நிலை. புகைவாயு செல்லும் வேகத்திலேயே நாசிலும் (மாதிரியை உறிஞ்சும் குழல்முனை) உறிஞ்ச வேண்டும். நாசில் அதைவிட மெதுவாக உறிஞ்சினால், பருமனான துகள்கள் தம் வேகத்தால் நேராக நாசிலுக்குள் விழுந்து அளவை உயர்த்திக் காட்டும். வேகமாக உறிஞ்சினால் எண் குறைவாக வரும். அறிக்கையில் ஐசோகைனடிக் விகிதம் (நாசிலின் உறிஞ்சு வேகம் புகைவாயு வேகத்தில் எத்தனை சதவீதம் என்பது) 90-க்கும் 110-க்கும் இடையில் இருக்கிறதா, அன்று கொதிகலன் என்ன சுமையில் ஓடியது, இடையில் சூட் ப்ளோயிங் (குழாய்களில் படிந்த புகைக்கரியை ஊதி அகற்றுவது) நடந்ததா என்ற மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணை நம்பி இவ்வளவு பெரிய கருவிக்குப் பணம் போடாதீர்கள்.

தணல் எழுதியது:

மேலே உள்ள கணக்கோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது 13.5 என்ற ஆக்சிஜன்தான். டிராவலிங் கிரேட் உலையில் மரச் சில்லு எரித்தாலும் உலை வாயிலில் 8 சதவீதத்தை ஒட்டியே ஆக்சிஜன் இருக்க வேண்டும். புகைபோக்கியில் 13.5 என்றால், நடுவில் எங்கோ காற்று உள்ளே புகுகிறது, அல்லது ஆபரேட்டர் தேவைக்கு மேல் காற்று கொடுக்கிறார், அல்லது இரண்டும் நடக்கிறது.

இது தூசுப் பிரச்சினைக்குத் தொடர்பில்லாத திறன் விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் வாங்கப்போகும் கருவியின் அளவையே இதுதான் தீர்மானிக்கிறது. ஒரே அளவு எரிபொருளுக்கு, 13.5 சதவீத ஆக்சிஜனில் வரும் புகைவாயு, காற்று துளியும் மிகாமல் எரிந்தால் வருவதைப் போல் 2.8 மடங்கு, 8 சதவீதத்தில் 1.6 மடங்கு. உங்கள் கொதிகலனுக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கில், இப்போது 165 டிகிரியில் மணிக்குச் சுமார் 36,000 கன மீட்டர் போகிறது. கசிவை அடைத்தால் அது 22,000-ஐ ஒட்டி வந்துவிடும். பேக் ஃபில்டரில் துணியின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு என்று வைத்தால், இன்றைய நிலைக்கு 600 சதுர மீட்டர் துணி வேண்டும். கசிவை அடைத்த பின் 370 போதும். வெல்டிங் கம்பிக்கும் கேஸ்கட்டுக்கும் ஆகும் செலவில் இவ்வளவு பெரிய மிச்சம் வேறெங்கும் கிடைக்காது.

கையடக்க அனலைசரை எடுத்துக்கொண்டு உலை வாயில், எக்கனமைசருக்குப் பின், ஏர் ப்ரீஹீட்டருக்குப் பின், மல்டி சைக்ளோனுக்குப் பின் என்று ஒரே சுமையில் வரிசையாக ஆக்சிஜனை அளந்து பாருங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் தாவுகிறதோ அங்கேதான் ஓட்டை. எழுதிப் போடுங்கள், பிறகு பேசுவோம்.

வடிகட்டி எழுதியது:

விலைப்புள்ளியில் உள்ள 99 சதவீதம் எந்தத் துகள் அளவுக்கு என்று மூவரிடமும் கேளுங்கள். மல்டி சைக்ளோனைத் தாண்டி வருவதில் பெரும்பகுதி 10 மைக்ரானுக்குக் கீழான தூசு. சைக்ளோன் பிடிக்க முடியாமல் விட்ட மிச்சம் அது. அதில் எவ்வளவு பிடிக்கிறது என்பதே கேள்வி.

என் தேர்வு பேக் ஃபில்டர். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட பாலியெஸ்டர் பை இந்த இடத்துக்குப் பொருந்தாது. அது தொடர்ந்து தாங்குவது 130 டிகிரி வரைதான். அந்த வெப்பத்துக்குள்ளும் மரச் சில்லிலிருந்து வரும் ஈரம் இழையை நீராற்பகுத்து நொறுங்கச் செய்யும். அராமிட் என்ற செயற்கை இழை 200 டிகிரி வரை தாங்கினாலும், ஈரமும் அமிலமும் சேர்ந்தால் அதற்கும் இதே கதிதான். பிபிஎஸ் (பாலிஃபீனைலீன் சல்ஃபைடு) இழைக்கு ஈரமும் அமிலமும் பொருட்டல்ல. 190 டிகிரி வரை உழைக்கும். ஆனால் வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து மிகும்போது அது விரைந்து கெடும். ஆகவே தணல் சொன்ன கசிவை அடைக்காமல் பிபிஎஸ் பையை மாட்டினால், ஆயுள் முடியும் முன்பே மாற்ற வேண்டிவரும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) படலம் ஒட்டிய கண்ணாடி இழை 260 டிகிரி வரை செல்லும். ஆனால் பையைத் தாங்கும் கம்பிக்கூண்டு சற்று வளைந்திருந்தாலும், பையை உதறிச் சுத்தம் செய்யும் பல்ஸ் காற்றின் அழுத்தம் மிகுந்தாலும் மடிப்பில் உடையும்.

மரச் சில்லு எரிப்பவர்கள் தணல்பொறிகளை மறக்கக் கூடாது. கனன்றபடி பறந்து வரும் ஒரு சிறு கரித்துண்டு, கரி படிந்த பையில் ஒட்டினால் ஒரு வரிசையே எரிந்துவிடும். எனவே பேக் ஃபில்டர் வந்தபின் மல்டி சைக்ளோன் தேவையில்லை என்று கழற்றிவிடாதீர்கள். பொறிகளை மறிக்க அது முன்னால் இருக்கட்டும்.

நீர்த்திரை எழுதியது:

ஸ்கிரப்பரை இவ்வளவு எளிதாக ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பொறியும் ஈரமும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சுழலும் நீரில் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) சேர்த்தால் சல்ஃபர் டை ஆக்ஸைடும் சேர்ந்தே போகும். இவர்கள் மணிக்கு 530 கிலோ அளவுக்கு நிலக்கரி எரிப்பதாகக் கொண்டால், அதில் 3.2 கிலோ கந்தகம். எரிந்தால் அதன் இரு மடங்கு, அதாவது 6.4 கிலோ சல்ஃபர் டை ஆக்ஸைடு. 6 சதவீத அடிப்படையில் இது 620 மில்லிகிராமை ஒட்டி வரும். 400-க்குக் கொண்டுவர மூன்றில் ஒரு பங்கை நீக்கினால் போதும். ஒரு கிலோவை நீக்கி சல்ஃபைட்டாக்க 1.25 கிலோ காஸ்டிக் ஆகும் என்பதால், மணிக்கு மூன்று கிலோவுக்குக் குறைவாகவே கணக்கில் செலவாகிறது. புகைவாயுவிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடும் சிறிது காஸ்டிக்கைத் தின்னும்; அதற்காக பிஎச் அளவை 7-ஐ ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

வடிகட்டி எழுதியது:

கந்தகக் கணக்கு சரி. தூசுக் கணக்கில்தான் மாறுபடுகிறேன். நுண்தூசை நீர்த்துளி பிடிக்க வேண்டுமானால் வெஞ்சூரியின் கழுத்தில் கடும் வேகம் வேண்டும். அதற்கு விலை அழுத்த இழப்பு. பேக் ஃபில்டரில் 150 மில்லிமீட்டர் நீர் அளவில் முடிவது, இங்கே 500 வரை ஏறக்கூடும். கசிவை அடைத்த பின் உள்ள நொடிக்கு 6 கன மீட்டர் ஓட்டத்துக்கே, ஃபேனின் திறன் 65 சதவீதம் என்றால், முன்னதற்கு 14 கிலோவாட், பின்னதற்கு 46 கிலோவாட். கொதிகலன் ஓடும் நேரமெல்லாம் இந்த வேறுபாட்டுக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் ஸ்கிரப்பர் மலிவுதான். ஆனால் அது பிடிப்பதெல்லாம் சைக்ளோன் ஏற்கெனவே பிடித்த வகைத் தூசையே. கழிவுநீர், சேறு, அரிப்பு, புகைபோக்கியில் வெண்புகை என்பவை தனிக் கணக்கு.

கந்தகத்துக்கு பேக் ஃபில்டரிலும் வழி உண்டு. முன்னாலுள்ள குழாயில் நீற்றிய சுண்ணாம்பையோ சோடியம் பைகார்பனேட்டையோ தூவினால், பைமேல் படியும் அடுக்கிலும் வினை தொடரும். பைகார்பனேட்டுக்கு 140 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். உங்கள் முழுச்சுமை வெப்பம் அதற்குப் போதுமானது. மரச்சாம்பலின் காரத்தன்மை கொஞ்சம் கந்தகத்தைத் தானே பிடித்துவைக்கும் என்பதால், முதலில் அளந்து பார்த்துவிட்டுத் தூவும் அமைப்பை வாங்குங்கள். இணைப்புக்கான ஃபிளாஞ்சை மட்டும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்பி பற்றியும் ஒரு சொல். வெப்பத்தைத் தாங்கும், அழுத்த இழப்பும் மிகக் குறைவு. ஆனால் கந்தகம் குறைந்த நிலக்கரியின் சாம்பலுக்கு மின்தடை மிகுதி, எரியாத மரக்கரிக்கு மின்தடை குறைவு. முன்னது தகட்டில் அடுக்காகப் படிந்து எதிர்மின்னொளிர்வை (தூசடுக்கிலிருந்தே மின்பொறி எழுந்து பிடிப்பைக் கெடுப்பது) கிளப்பும். பின்னது தகட்டைத் தொட்டவுடன் மின்னூட்டத்தை இழந்து மீண்டும் பறக்கும். எரிபொருள் கலவை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆவிக்கலன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முழுச் சுமையில் ஆக்சிஜனை அளந்தோம். உலை வாயிலில் 7.8, எக்கனமைசருக்குப் பின் 8.3, ஏர் ப்ரீஹீட்டருக்குப் பின் 11.2, மல்டி சைக்ளோனுக்குப் பின் 13.4. ப்ரீஹீட்டரின் குளிர்முனையில் பல குழாய்கள் அரித்து ஓட்டையாகியுள்ளன. சைக்ளோன் ஹாப்பரின் (அடியில் சாம்பல் சேரும் தொட்டி) ரோட்டரி வால்வில் (சுழலும் இறக்கைகளால் சாம்பலை வெளியே தள்ளும் அடைப்பு) இறக்கைகளுக்கும் உறைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. இவற்றைச் சரிசெய்ய நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது. இரண்டு ஐயங்கள் உள்ளன. ஓட்டம் குறைந்தால் சைக்ளோன் மோசமாக வேலை செய்யாதா? கொதிகலனை ஏற்றும்போதும் சுமை குறையும்போதும் பைகளை எப்படிக் காப்பது?

தணல் எழுதியது:

எண்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. ஹாப்பர் வால்வு வழியாகப் புகும் காற்று அளவைக் கூட்டுவதோடு நிற்காது. ஐடி ஃபேனின் இழுவையில் அது கீழிருந்து மேலே சீறி, சைக்ளோன் பிடித்துக் கீழே போட்ட சாம்பலையே கிளப்பிப் புகைபோக்கிக்கு அனுப்பும். அந்த வால்வை மாற்றியதும், ஆக்சிஜன் திருத்தம் செய்த தூசு எண்ணே குறைவதைப் பார்ப்பீர்கள். குளிர்முனையில் குழாய் அரிக்கிறதென்றால் உலோகத்தின் வெப்பம் அமிலப் பனிநிலைக்கு (புகைவாயுவிலுள்ள அமிலம் குளிர்ந்து திரவமாகப் படியும் வெப்பநிலை) கீழே இறங்குகிறது என்று பொருள். புதுக் குழாய் போட்டால் மட்டும் தீராது. குறைந்த சுமையில் எஃப்டி காற்றின் (உலைக்குள் விசிறி தள்ளும் எரிப்புக் காற்று) ஒரு பகுதி ப்ரீஹீட்டரைச் சுற்றிச் செல்ல பைபாஸ் டாம்பர் (திறந்து மூடும் தடுப்புத் தகடு) வையுங்கள்.

உங்கள் முதல் ஐயம் நியாயமானது. ஓட்டம் நாற்பது சதவீதம் குறைந்தால் சைக்ளோன் குழாய்களில் சுழல் தளர்ந்துவிடும். சில வரிசைகளின் நுழைவையும் வெளியேற்றத்தையும் தகடு வைத்து மூடிவிட்டு, மீதிக் குழாய்களில் பழைய அழுத்த வேறுபாடு வருகிறதா என்று மானோமீட்டரில் பாருங்கள். எரிப்புக் காற்றைக் குறைக்கும்போது கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தே கவனியுங்கள். அது ஏறத் தொடங்கினால் மொத்தக் காற்றைக் கூட்டாமல், தட்டுக்குக் கீழே கொடுப்பதில் கொஞ்சத்தை மேல்காற்றாக (நெருப்புக்கு மேலே செலுத்தும் காற்று) மாற்றிப் பாருங்கள். நைட்ரஜன் ஆக்ஸைடும் அதனால் சற்று இறங்கும்.

வடிகட்டி எழுதியது:

புதுப் பைகளை மாட்டியதும், நெருப்பு மூட்டும் முன், ஃபேனை மட்டும் ஓட்டிச் சுண்ணாம்புத்தூளைத் தூவி மெல்லிய படலம் படியவிடுங்கள். மூட்டும் நேரத்தில் வரும் தாரும் புகைக்கரியும் நேரடியாகத் துணியின் துளைகளில் இறங்காமல் அது தடுக்கும். அழுத்த வேறுபாடு 100 மில்லிமீட்டரை நெருங்கும்வரை பல்ஸ் கொடுக்க வேண்டாம். குறைந்த சுமையின் 125 டிகிரியில் நீராவி குளிர்ந்து சொட்டாது, அமிலம் படியலாம். ஆகவே உறைக்கு முழு இன்சுலேஷனும் ஹாப்பருக்கு ஹீட்டரும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். நிறுத்தும்போது நெருப்பு அணைந்த பின்னும் ஃபேனைச் சிறிது நேரம் ஓட்டி, ஈரவாயுவை வெளியேற்றிவிட்டு, பைகளைத் தட்டிச் சாம்பலை இறக்கிவிடுங்கள்.

பேக் ஃபில்டரைத் தவிர்த்துப் புகைவாயுவை நேரே புகைபோக்கிக்கு விடும் பைபாஸ் டாம்பர் தருவதாக விற்பனையாளர் சொன்னால், அது திறந்திருக்கும் நேரம் தானாகப் பதிவாகும்படி லிமிட் சுவிட்ச் கேளுங்கள். உரிமத்தில் பைபாஸுக்கு இடமுண்டா என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.