வேளச்சேரியில் ரிலே நண்பர்களைச் சந்திக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் நடக்கும், பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிக்கு நாங்கள் நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். கோவை அண்ணன், மதுரைத் தம்பி, புதுச்சேரி அக்கா, அப்புறம் நான். வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறவர்கள்தான், ஆனால் நேரில் பார்த்ததே இல்லை. அக்காவின் 50 மீட்டர் நேரம் தெரியும், தோள்பட்டை வலி தெரியும். தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் ஆளைத் தெரியாது! "முகம் தெரியாதவங்களோட என்ன போட்டி?" என்று அம்மா வேறு கேட்கிறார்.

தனிப் போட்டி என்றால் கவலையில்லை. மிக்ஸட் மெட்லி ரிலேயிலும் சேர்ந்துவிட்டோம்; இரண்டு ஆண், இரண்டு பெண், ஆளுக்கொரு நீச்சல் முறையில் ஒருவர்பின் ஒருவராக நீந்துவது. நாலு பேர் வயதையும் கூட்டித்தான் பிரிவு, நாங்கள் 160 முதல் 199 வரை உள்ளதில் வருகிறோம். பேக்ஸ்ட்ரோக்கில் அண்ணன், அடுத்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் நான். அவர் கை சுவரைத் தொடும் முன் என் கால் மேடையை விட்டால் அணியே அவுட். அவர் கடைசி ஐந்து மீட்டரை எந்த வேகத்தில் முடிப்பார் என்று வீடியோவில் பார்த்து எப்படிக் கணிப்பது?

அங்கே நீந்தியவர்கள் சொல்லுங்கள்: முதல் நாள் மாலை வெளியூர்க்காரர்களைப் பயிற்சிக்கு விடுவார்களா? காலை வார்ம்-அப் நெரிசலில் ரிலே மாற்றம் பழக இடம் கிடைக்குமா? சாயங்காலம் நாலு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேச, பக்கத்தில் நல்ல சைவ ஓட்டல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அக்கா சைவம்.