தலைப்பொங்கலுக்கு சைதாப்பேட்டை மாமியார் வீட்ல, பூவாடைக்காரி படையல் பார்த்த அனுபவம்

எங்க பக்கம்லாம் தலை தீபாவளி பொண்ணு வீட்ல, தலைப்பொங்கல் மாப்பிள்ளை வீட்லங்கறது வழக்கம். அதனால கல்யாணம் ஆகி வந்த முதல் பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்கு அடிச்சுக்கற வேலையே இல்லாம சைதாப்பேட்டைல மாமியார் வீட்லயே இருந்தேன். நான் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுக்காரர் பொறந்து வளந்ததெல்லாம் சைதாப்பேட்டை, நாங்க ரெண்டு பேரும் வேலைக்காக இருக்கறது வேளச்சேரி. ஹாஸ்டல்ல இருந்த வருஷமெல்லாம் பொங்கல்னா எனக்கு கோயம்பேடு, இப்போ கிளாம்பாக்கம், பைய தூக்கிக்கிட்டு பஸ் தேடி ஓடறது, அவ்ளோதான். ஊருக்கு போகாம இங்கயே தலைமுறை தலைமுறையா பொங்கல் வெக்கற குடும்பங்களுக்கு அவங்களுக்குனு எவ்ளோ வழக்கம் இருக்குனு இந்த தடவ தான் கண்ணால பாத்தேன். அதுல ஒண்ண பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

போகி அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே தெருப் பசங்க போகி மேளம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. மூணு மணிக்கெல்லாம் டம டமனு சத்தம், எங்க ஊர்ல இந்த மேளம் கிடையாது, ஒரு பொடியன் என் கைலயும் குச்சிய குடுத்து "அடிங்கக்கா"ன்னான். மாமா எரிச்சது ஒரு பழைய பாயி, ரெண்டு துடப்பம், அவ்ளோதான். டயரு பிளாஸ்டிக்லாம் எங்க வாசல்ல எவனும் கொளுத்தக் கூடாதுன்னு பசங்ககிட்ட கறாரா சொல்லிட்டார். 2018 போகிக்கு ஏர்போர்ட்ல ஓடுதளமே தெரியாம ஃப்ளைட்டெல்லாம் வேற ஊருக்கு திருப்பி விட்டாங்கல்ல, அந்த காலைல அவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாங்களாம், அதுலேர்ந்து இப்படி. எனக்கு அது சரின்னு தான் பட்டுச்சு, பழசு போகணும்ங்கறதுக்கு ஒரு பாய் போதுமே.

சரி, விஷயத்துக்கு வரேன். அன்னைக்கு மதியத்துலேர்ந்தே அத்தை யார்கிட்டயும் சரியா பேசல, சமையல்லயே இருந்தாங்க. நான் அவங்க போட்ட அம்மில தேங்கா அரைச்சிட்டே என்ன விசேஷம்னு கேட்டேன். "சாயங்காலம் பூவாடைக்காரிக்கு படைக்கணும் கண்ணு, நீயும் கூட நில்லு"ன்னாங்க. நான் அந்த பேர கேள்விப்பட்டதே இல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை பக்கத்துக்காரங்களுக்கு இது சொல்லவே வேணாம், தெரியும். வீட்ல கல்யாணம் ஆகாமயோ, இல்ல சுமங்கலியாவோ செத்துப்போன பொண்ண வீட்டு தெய்வமா வெச்சு கும்புடறது. கல்யாணம் காட்சின்னா முதல்ல அவளுக்கு படைச்சிட்டு தான் மத்தது. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியும் படைச்சிருக்காங்க, எனக்கு தான் தெரியாது. இவங்க வீட்ல வருஷா வருஷம் போகி அன்னைக்கும் படைக்கறாங்க.

நடு ரூம்ல கிழக்க பாத்த சுவத்துல ஒரு முழம் அகலத்துக்கு மஞ்சள் பூசி நடுவுல குங்குமம் வெச்சாங்க. அந்த சுவத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கறதே இல்லையாம், வருஷா வருஷம் பூசின மஞ்சள் படிஞ்சு அந்த இடம் மட்டும் தடிச்சு, விரல வெச்சா சொரசொரப்பா இருக்கு. அதுக்கு கீழ மணப்பலகை, பலகை மேல பித்தளை சொம்பு, சொம்புல தண்ணி ஊத்தி வேப்பிலை சொருகி மஞ்சத்தேங்கா வெச்சு, பஜார் ரோட்ல வாங்கின மஞ்ச கலர் அரக்கு பார்டர் காட்டன் புடவைய அத்தை சின்னச் சின்ன கொசுவமா மடிச்சு அந்த சொம்புக்கு கட்டினாங்க பாருங்க, நான் அப்படியே நின்னுட்டேன். புடவை கட்ட தெரியாத சின்னப் பொண்ணுக்கு அம்மா கட்டி விடற மாதிரி, முந்தானைய எடுத்து பின் குத்தி, கொசுவத்த நீவி விட்டு, தள்ளி நின்னு பாத்து, திரும்ப வந்து சரி பண்ணி. பக்கத்துல கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, ஒரு சின்ன முகம் பாக்கற கண்ணாடி, சாந்துப் பொட்டு. மல்லியும் கனகாம்பரமும் மாமா தொடுத்தார். ஆமாங்க, மாமா தான், வாழநார ஊற வெச்சு சம்மணம் போட்டு உக்காந்து அவ்ளோ நெருக்கமா தொடுத்தார், அந்த ஒரு வேலைய மட்டும் அவர் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டாராம்.

இலைல சாதம், பருப்பு வடை, மொச்சக்கொட்ட கத்திரிக்கா குழம்பு, பாயசம், கொழுக்கட்ட, பச்சரிசில வெல்லம் போட்டு இடிச்ச துள்ளு மாவு. எல்லாத்துக்கும் கடைசியா அத்தை ஒரு காகிதப் பொட்டலத்த பிரிச்சு நாலஞ்சு கமர்கட்டு எடுத்து இலை ஓரத்துல வெச்சாங்க. அது ஏன்னு கேட்டதுக்கு மாமா தான் பதில் சொன்னார், "எங்க அக்காவுக்கு புடிக்கும்மா."

அவங்க மாமாவோட சொந்த அக்கா. பேர் இங்க எழுதல, அது அவங்க வீட்டு விஷயம். பதிமூணு பதினாலு வயசுல பெரியம்மைல போயிட்டாங்க. மாமா அப்போ சின்னப் பையன், அக்கா படுத்திருந்த ரூமுக்குள்ள இவர விடல, வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தது, அக்கா உள்ளேர்ந்து இவர் பேர சொல்லி கூப்பிட்டது, அது மட்டும் தான் அவருக்கு நினைவு. அதுக்கு முன்னாடி அவங்க ஸ்கூல் விட்டு வரும்போது கைல இருக்கற காசுக்கு கமர்கட்டு வாங்கி பாதிய கடிச்சு இவருக்கு குடுப்பாங்களாம். இந்தியால பெரியம்மை கடைசியா வந்தது 1975ல. நம்ம தலைமுறைக்கு அது பாடப்புத்தகத்துல இருக்கற ஒரு வியாதி, அவ்ளோதான். அதுல ஒரு அக்காவ பறிகுடுத்த ஒருத்தர் எழுபது வயசுல என் பக்கத்துல உக்காந்து பூ தொடுக்கறார்ங்கறது எனக்கு தொண்டைய அடைச்சிடுச்சு.

தீபாராதனை காட்டிட்டு எல்லாரும் வெளிய வந்து கதவ சாத்திட்டாங்க. அவ வந்து சாப்புடற நேரம், யாரும் உள்ள பாக்கக் கூடாது. எல்லாரும் சத்தமே இல்லாம திண்ணைல உக்காந்திருந்தோம், மூணு தெரு தள்ளி மேளம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அத்தை கதவ மெதுவா மூணு தடவ தட்டிட்டு தான் தொறந்தாங்க.

எனக்கு அந்த நேரம் எங்க வீட்டு பரண் தான் ஞாபகம் வந்துச்சு. எங்க ஆச்சி வீட்ல பனைஓலைல முடைஞ்ச ஒரு பெட்டி உண்டு, கன்னிப் பெட்டினு சொல்லுவோம். அதுக்குள்ள ஒரு சின்ன பட்டுப்பாவாடை, சட்டை, வளையல், மஞ்சள். வீட்ல சின்ன வயசுல போன பிள்ளைக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ இறக்கி புதுத்துணி வெச்சு கும்புட்டு திரும்ப ஏத்திருவாங்க. சின்ன வயசுல அந்த பெட்டின்னா எனக்கு பயம். அந்த பிள்ள யாரு, என்ன பேரு, ஆச்சிக்கு தெரியும், அம்மாக்கு அரைகுறையா தெரியும், எனக்கு சுத்தமா தெரியாது. இங்க மாமா கமர்கட்டு வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கார். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ரெண்டு குடும்பம், சாதி வேற, பேச்சு வேற, சாப்பாடு வேற, ஆனா செத்துப்போன சின்னப் பொண்ணுக்கு வருஷா வருஷம் புதுத்துணி எடுத்து வெக்கறது மட்டும் ஒண்ணா இருக்கு. சாமின்னு சொல்றாங்க, சரி, கும்புடறவங்க கும்புடட்டும், எனக்கு பட்டது என்னன்னா இது அந்த வீட்டு பொம்பளைங்க அவள மறக்கவே விடாம வெச்சிருக்கற ஏற்பாடு. பேப்பர்ல அவளுக்கு போட்டோ கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்த புடவை தான்.

இதுல எனக்கு மனசு ஒப்பாத ஒரு விஷயமும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். படைச்ச புடவைய அந்த வீட்டு பொண்ணுக்கு தான் குடுக்கணும், அது வழக்கம். என் நாத்தனார் அதுக்குனே பெரம்பூர்லேர்ந்து வந்திருந்தாங்க. வந்த அன்னைக்கே அவங்களுக்கு பீரியட்ஸ். அவ்ளோதான், வாசல் திண்ணைலயே உக்கார வெச்சுட்டாங்க, அவங்களும் ஒரு வார்த்த சொல்லல, பழகினவங்க மாதிரி ஒதுங்கிட்டாங்க. அத்தை புடவைய எடுத்துட்டு வந்து என் கைல வெச்சாங்க. சின்னப் பொண்ணா செத்துப்போன ஒருத்திக்காக படைச்சிட்டு, அதே வீட்டு பொண்ணு பொண்ணா இருக்கறதுக்காக வெளிய உக்காந்திருக்கறது என்னால ஏத்துக்க முடியல. "அத்தை, இது அண்ணி புடவை, அவங்களுக்கு தான் வரணும்"னு சொல்லி திருப்பி நீட்டினேன். அத்தை முகம் மாறிடுச்சு. மாமா அப்போ தான் வாய தொறந்தார், "எங்க அக்கா வயசுக்கு வந்தப்போ இதே திண்ணைல தான் உக்காந்திருந்தா, அவளுக்கு தெரியாததா, குடு." அத்தை கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க, அப்புறம் தானே போய் புடவைய அண்ணி மடில வெச்சு பூ வெச்சு விட்டாங்க. ஆனா சமையக்கட்டுக்குள்ள அண்ணிய அன்னைக்கு விடல. அத நான் மேற்கொண்டு பேசல, ஆனா அடுத்த தடவ பேசுவேன். வழக்கத்த காப்பாத்தணும்னு ஆசப்படறவங்க தான் அதுல எது வேணாம்னும் சொல்லணும், இல்லாட்டி ஒரு நாள் வேணாம்னு சொல்றவங்க மொத்தமா தூக்கி போட்டுடுவாங்க.

மறுநாள் பொங்கல். எங்க அண்ணன் பொங்கல்படி கொண்டு வந்திருந்தான், வெங்கலப் பானை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, மஞ்சக்கொலை, கரும்புக்கட்டு எல்லாம். அத்தை வீட்ல ரேஷன்ல குடுத்த ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக்கரும்பு, அதையும் சாமி முன்னாடி மரியாதையா வெச்சிருந்தாங்க. முத்தத்துக்கு மேல கூரை போட்டதுலேர்ந்து இவங்க கேஸ் அடுப்புல தான் பொங்கல் வெக்கறாங்களாம், வெங்கலப் பானைய பாத்ததும் மாமாவுக்கு உற்சாகம் வந்து மொட்ட மாடில செங்கல் அடுப்பு கூட்டிட்டார். எங்க ஊர்ல சூரியன் வரதுக்குள்ள வாசல்ல பனைஓலைய எரிச்சு பொங்கிடுவோம், பால்பொங்கல் ஒரு பானை சர்க்கரைப்பொங்கல் ஒரு பானைனு ரெண்டு வெப்போம், இங்க காலண்டர்ல நல்ல நேரம் பாத்து தான். பனைஓலைக்கு எங்க போறது, பக்கத்து வீட்டு தென்னை மட்டைய காய வெச்சு எரிச்சோம், புகை தான் கண்ண எரிச்சுது. பொங்கி வழியும்போது அவங்கல்லாம் பொங்கலோ பொங்கல்னு சத்தம் போட, எனக்கு பழக்க தோஷத்துல குலவை வந்துடுச்சு. சுத்தி இருக்கற மாடிலேர்ந்தெல்லாம் எட்டி பாத்தாங்க. அத்தை "இன்னொரு வாட்டி போடு கண்ணு"னு சொல்லி அவங்களும் நாக்க மடிச்சு முயற்சி பண்ணாங்க, அண்ணி பொண்ணு ரெண்டே நிமிஷத்துல கத்துக்கிட்டா, அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தெருவுல அவ குலவை தான்.

மாட்டுப்பொங்கல் அன்னைக்கு மாடு இல்ல, மாமா ஸ்கூட்டர கழுவி பொட்டு வெச்சார். காணும் பொங்கலுக்கு புளிசாதம் கட்டிட்டு மெரினா போனோம், மணல்ல கால் வெக்க இடமில்ல, தண்ணி கிட்ட போக முடியாத மாதிரி கட்டை கட்டி வெச்சிருந்தாங்க, போலீஸ் குழந்தைங்க கைல பேர் நம்பர் எழுதின பட்டை கட்டி விட்டாங்க. அவ்ளோ கூட்டத்துலயும் அந்த ஏற்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு.

இப்போ எனக்கு இருக்கற யோசனை வேற. அந்த வீட்ட இடிச்சு ஃப்ளாட் கட்ட பில்டர் கேட்டுட்டு இருக்கார், கொழுந்தனாருக்கு அதுல விருப்பம். அத்தைக்கு கவலையெல்லாம் அந்த மஞ்ச சுவரு. "எனக்கப்புறம் யாருடி செய்வா, நீங்க வேளச்சேரில இருக்கீங்க, பெரியவ பெங்களூர்ல இருக்கா"ன்னாங்க. நான் செய்றேன்னு சொல்லிட்டேன். சும்மா வாய் வார்த்தைக்கு சொல்லல. மணப்பலகையும் சொம்பும் எங்க கொண்டு போறோமோ அங்க படைச்சுக்கலாம்னு மாமா சொல்றார், அத்தைக்கு அதுல இன்னும் முழு சம்மதம் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு மாமாகிட்ட உக்காந்து அவங்க அக்கா பத்தி அவருக்கு தெரிஞ்சதெல்லாம் போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டேன், படையல் முறைய அத்தை சொல்ல சொல்ல எழுதியும் வெச்சுட்டேன். அதே சூட்டுல அம்மாவுக்கு போன் போட்டு, ஆச்சிகிட்ட கன்னிப் பெட்டிக்குரிய பிள்ள பேர கேட்டு சொல்லுங்கம்மான்னேன். ஆச்சிக்கு எண்பத்தஞ்சுக்கு மேல ஆகுது, ஒரு நாள் ஒரு பேர் சொல்றாங்க, மறுநாள் அது இல்லங்கறாங்க, அம்மா பொறுமையா கேட்டுட்டு இருக்காங்க.

உங்க வீட்ல பூவாடைக்காரியோ கன்னியோ இருந்தா, முக்கியமா சொந்த வீட்லேர்ந்து ஃப்ளாட்டுக்கு மாறினவங்க, சுவரு இல்லாம எப்படி படைக்கறீங்கன்னு எழுதுங்க. அத்தைக்கு படிச்சு காட்டணும்.