அம்மா எழுத்துப் படிக்கிறார்: இரும்புச்சத்து பற்றி என் அனுபவம்

என் அம்மாவுக்கு 67 வயது. மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறித்தே காலம் கழித்தவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பேத்தி அனுப்பும் மெசேஜைத் தானே வாசிக்க வேண்டும் என்று போன வருடம் எழுத்துப் படிக்கத் தொடங்கினார். காலையில் சொன்ன எழுத்து மாலையில் மறந்துவிடும். "வயசாச்சு, இனி மண்டையில ஏறாது" என்று கொப்பியை மூடிவிடுவார். எனக்குத் தாங்காது.

தேடியபோது மக்னீசியம் கண்ணில் பட்டது. 2010இல் 'நியூரான்' ஆய்விதழில் வந்த எலி ஆய்வு. மூளையில் மக்னீசியத்தைக் கூட்டும் ஒரு சேர்மத்தைக் கொடுத்ததும் வயதான எலிகள்கூட நன்றாகக் கற்றுக்கொண்டனவாம். உடனே குளிசை வாங்கிவிட்டேன். நல்ல வேளை, கொடுக்கும் முன் கிளினிக்கில் காட்டினேன். "கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மக்னீசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குமாம்.

இரத்தம் சோதித்தால், இரும்பால் உருவாகும் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இரும்பு குறைந்தால் உடம்பு மட்டுமா சோரும்? கவனமும் நிற்காது. உள்ளே எங்காவது இரத்தம் கசிகிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. அப்புறம் சாப்பாட்டை விசாரித்தார்கள். ரொட்டி, சம்பல், கூடவே வெறுந்தேத்தண்ணி. சோற்றுக்கும் அதேதான். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனை வீட்டில் இதே பழக்கம்!

தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொன்னார்கள். இரும்பு நன்றாகச் சேரக் கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுகிறோம், இரும்புக் குளிசையும் உண்டு. நாலு மாதத்தில் 11.6. இப்போது மத்தியானம் படுப்பதில்லை, கொப்பியை அவரே எடுக்கிறார். இரும்பால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், பேத்தியும் தினமும் போனில் சொல்லிக் கொடுக்கிறாள். போன கிழமை "அம்மாயி நலமா" என்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார்.

பதில், ஹட்டனிலிருந்து:
அக்கா, எங்கள் தாத்தாவுக்கும் இரும்புக் குளிசை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனதும் பயந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் வீணானது. அந்தக் குளிசைக்கு அப்படிப் போவது வழமைதான் என்று நர்ஸ் சொன்ன பிறகே மறுபடி தொடங்கினார். அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.